ஹேண்டில்பார் வைரவன்

சூடான டீத் தம்ளரைப் பெஞ்சில் வைத்துவிட்டு வைரவன் மறுபடியும் வண்டியில் ஏறி உட்காருகிறார். கிளம்பப் போகிறார் என்று நினைத்தால் ஏமாந்து போவோம். சட்டைப் பையிலிருந்து எல் வடிவச் சாவியை எடுத்து, ஹேண்டில்பாரை இறுக்கியிருக்கும் போல்ட்டுகளை ஒவ்வொன்றாகத் தளர்த்துகிறார். இரண்டு கைப்பிடிகளையும் பிடித்து, தூங்கும் குழந்தையைப் புரட்டிப் படுக்க வைப்பதுபோல மெல்லத் தன் பக்கம் சாய்க்கிறார். தோளை ஒருமுறை குலுக்கிப் பார்த்துக்கொள்கிறார். திருப்தியில்லை. கொஞ்சம் முன்னால் தள்ளுகிறார். குன்றக்குடி டீக்கடையில் பழகியவர்கள் இதை வேடிக்கை பார்ப்பதில்லை. அன்று புதிதாக வந்து நின்ற லாரி டிரைவர் ஒருவர் மட்டும், "வண்டி ரிப்பேரா?" என்று கேட்டார்.

"ரிப்பேரெல்லாம் இல்லண்ணே. காலையில இருந்த ஒடம்பு வேற, இப்ப இருக்குற ஒடம்பு வேற. டீ ஆறதுக்குள்ள ஒரு நூல் ஏத்திருவோம்."

நூல் என்பது தச்சர் கணக்கு. ஓர் அங்குலத்தை எட்டாகப் பிரித்தால் அதில் ஒன்று. வைரவனின் குடும்பம் மரவேலைக் குடும்பம். அவர் மட்டும் மரத்தை விட்டுத் தண்ணீருக்கு வந்துவிட்டார். வீடுகளில் குடிநீர் சுத்திகரிக்கும் இயந்திரத்தை மாட்டுவதும், பழுது பார்ப்பதும், அதன் வயிற்றில் அடைத்த வண்டலைக் கழுவுவதும் தொழில். காரைக்குடியில் கிளம்பினால் திருப்பத்தூர், சிங்கம்புணரி, திருக்கோஷ்டியூர் என்று சுற்றிவிட்டுப் பொழுது சாயத்தான் வீடு திரும்புவார். விட்டு வந்த மரவேலையில் மிஞ்சியது அப்பாவிடம் கேட்டுப் பழகிய நூல் கணக்கு ஒன்றுதான். அதையும் வண்டியின் ஹேண்டில்பாருக்குக் கொடுத்துவிட்டார்.

நாற்பத்தைந்து வயதுக்கு ஆள் தளர்வாக இருப்பார். தளர்வு என்றால் சோம்பல் இல்லை. தோளும் முழங்கையும் துணி காயும் கொடிபோல அலட்டிக்கொள்ளாமல் தொங்கும். எதிரே வருகிறவரின் முகத்தை அவர் பார்ப்பதில்லை. தோளைப் பார்ப்பார், பிறகு மணிக்கட்டை, பிறகு அவர் வந்த வண்டியை. ஆளை நினைவு வைத்துக்கொள்வதும் அப்படித்தான். "கழனிவாசல் வாத்தியாரு" என்றால் அவருக்குப் புரியாது. "கிளட்ச் லீவரு வானத்தப் பாத்துக்கிட்டு இருக்குமே, அந்த வண்டிக்காரரு" என்றால் வீட்டுக் கதவின் நிறம் வரை சொல்லிவிடுவார்.

இந்தப் பித்து எப்போது பிடித்தது என்று ஒருநாள் கேட்டேன். சாம்பாரில் ஆரம்பித்தது என்றார்.

இந்த வேலைக்கு வந்த புதிதில், நாள் முழுக்க வண்டி ஓட்டினால் சாயங்காலத்துக்குள் சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரத்துப்போகுமாம். டாக்டர் மாத்திரை கொடுத்தார். விரல் மசியவில்லை. நாட்டரசன்கோட்டையில் ஒரு வீட்டுச் சமையலறைச் சுவரில் இயந்திரத்தை மாட்டிக்கொண்டிருந்தபோது, கையிலிருந்த திருகு நழுவிக் கீழே அடுப்பில் கொதித்த சாம்பாருக்குள் விழுந்தது. விரல் மரத்திருந்ததால் விழுந்ததே அவருக்குத் தெரியவில்லை. தரையெல்லாம் தேடிக்கொண்டிருந்தாராம். அந்த வீட்டு ஆச்சி கரண்டியை விட்டுத் துழாவிப் பார்த்துவிட்டு, "ஏப்பா, நான் முருங்கக்காதானே போட்டேன்?" என்று கேட்டாராம்.

அன்று திரும்பும் வழியில், வெறுத்துப்போய் வண்டியை ஓரங்கட்டி, ஹேண்டில்பாரைத் தளர்த்திக் கொஞ்சம் தன் பக்கம் சாய்த்து இறுக்கினார். வீடு வந்து சேர்ந்தபோது சுண்டுவிரல் உயிரோடு இருந்தது. சோற்றில் ரசத்தின் சூடு சுண்டுவிரலுக்குத் தெரிந்ததாம். "அழுகையே வந்துருச்சுண்ணே" என்று சொல்லும்போது இப்போதும் அந்த விரலை ஒருமுறை மடக்கிப் பார்த்துக்கொள்கிறார்.

அதற்குப் பிறகு அவர் சும்மா இருக்கவில்லை. ஊர் முழுக்க மரத்த விரல்களோடு அலைவதாக அவருக்குத் தோன்றிவிட்டது. சாலையில் போகிறவர்களுக்கெல்லாம் பெயர் வைத்தார். கையை உயரத் தூக்கிப் பிடித்து ஓட்டுகிறவர் "கொடியில துணி காயப்போடுறவரு." டேங்க்கின் மேல் கவிழ்ந்து பறக்கிற இளவட்டங்கள் "கெணத்துக்குள்ள மோதிரம் தேடுறவுக." முழங்கையை விறைத்துக்கொண்டு போகிறவர் "ஏணி தூக்குறவரு." இந்த மூன்று வகைக்கும் அவரிடம் ஒரே மருந்துதான்.

"மணிக்கட்டு ஒடியக் கூடாது. முழங்கை பூட்டிக்கிறக் கூடாது. தோளு காதுகிட்ட வரக் கூடாது. இம்புட்டுத்தாண்ணே. இது சரியா இருந்தா ராமேஸ்வரம் வரைக்கும் போயிட்டு வந்து எலையில உக்காரலாம். கை தானாச் சோத்தத் தேடிப் போகும்."

வீட்டில் அவர் மனைவி சீதாலட்சுமி தையல் வேலை செய்கிறார். தையல் மெஷினுக்கு முன்னால் போட்ட ஸ்டூல் இதுவரை எத்தனை தடவை உயரம் மாறியது என்று அவரே கணக்கு விட்டுவிட்டார். "காலையில உக்காந்தா முழங்காலு இடிக்கும், மத்தியானம் உக்காந்தா காலு எட்டாது. நல்லவேள, எங்கழுத்துல போல்ட்டு இல்ல" என்பார். குளியலறைக் குழாய், இஸ்திரி மேசை, சுவாமி படத்துக்கு முன்னால் தொங்கும் விளக்கு எல்லாமே அந்த வீட்டில் ஒரு நூல் ஏறியவை அல்லது இறங்கியவை.

எங்கள் வீட்டுக்கு இயந்திரத்தைக் கழுவ வந்ததில்தான் அவர் எனக்குப் பழக்கம். ஒருநாள் அவர் வேலையை முடித்துவிட்டுப் போனபின் என் வண்டியை எடுத்தால் ஹேண்டில்பார் வேறு இடத்தில் இருந்தது. போனில் கூப்பிட்டுக் கேட்டேன். "நீங்க ரொம்ப நாளா தோளுக்குத் தைலம் தேய்க்கிறீகள்ல? வாசன வாசல் வரைக்கும் வருது. ரெண்டு நூல் எறக்கி விட்டுருக்கேன். ஒரு வாரம் ஓட்டிப் பாத்துட்டு ஏசுங்க" என்றார். தைலம் அலமாரியிலேயே காய்ந்துபோனதைச் சொல்லாமல் இருக்க முடியாது.

கை நல்ல கைதான். கேட்டுவிட்டுத் தொடும் பழக்கம்தான் அதற்கு இல்லை. கோவில் வாசலில், வங்கி வாசலில், எழவு வீட்டு வாசலில்கூட நிறுத்தியிருக்கும் வண்டிகளை அவர் கடந்து போகும்போது கை தானாகச் சட்டைப் பைக்குப் போகும். இரண்டொருவர் திட்டியிருக்கிறார்கள். பெரும்பாலானவர்களுக்கு நடந்ததே தெரியாது. வலி போனதற்குக் குலதெய்வத்துக்கு நன்றி சொல்லியிருப்பார்கள்.

போன ஆவணியில் திருப்பத்தூர் ரோட்டில் ஒரு கல்யாணம். நானும் அவரும் போயிருந்தோம். தாலி கட்டி முடிந்து, முதல் பந்தியில் இடம் கிடைக்காமல் வண்டிகள் நிற்கும் பக்கம் காற்றாட நடந்தோம். வேப்பமரத்தடியில் ஒரு பழைய கறுப்பு வண்டி நின்றது. முன்சக்கரம் நேராக நிற்க, ஹேண்டில்பார் மட்டும் இடது பக்கம் திரும்பி, யாரோ கூப்பிட்டதற்குத் தலையைத் திருப்பியதுபோல இருந்தது. வைரவன் நின்றுவிட்டார்.

"யார் வண்டியோ, விடுங்க. பந்திக்கு நேரமாகுது" என்றேன்.

"பாத்துட்டு எப்புடிண்ணே போறது? யாரோ பாவம், விழுந்து எந்திரிச்சுருக்காரு. நேராக்க நேரமில்லாம இப்புடியே ஓட்டித் திரியிறாரு. முதுகு என்னத்துக்கு ஆகும்?"

வேட்டியை மடித்துக் கட்டினார். தன் வண்டிப் பெட்டியிலிருந்து ஸ்பேனரை எடுத்து வந்து முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் போல்ட்டுகளைத் தளர்த்தினார். சக்கரத்தை இரண்டு முழங்காலுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு, ஹேண்டில்பாரை இரு கையாலும் பிடித்து ஒரே முறுக்கு. நேராகிவிட்டது. இறுக்கினார். தோள் துண்டால் கைப்பிடியைத் துடைத்துவிட்டு இரண்டடி தள்ளி நின்று பார்த்தார். முகத்தில் அப்படி ஒரு நிம்மதி.

"இப்ப வாங்கண்ணே. பாயசம் எறங்கும்."

சாப்பிட்டுவிட்டு மண்டப வாசலில் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தபோது அந்த வண்டியின் சொந்தக்காரர் வந்தார். ஐம்பதைத் தாண்டிய, முழுக்கைச் சட்டை போட்ட ஆள். தாம்பூலப் பையைக் கொக்கியில் மாட்டினார், ஹெல்மெட்டைப் போட்டார், ஏறி உட்கார்ந்து கிளப்பினார். கிளம்பின வேகத்தில்தான் ஏதோ தப்பென்று அவருக்குப் பட்டிருக்க வேண்டும். இடது தோள் முன்னால் இழுபட, உடம்பு ஒரு பக்கமாகச் சாய, வண்டி தன் இஷ்டத்துக்குப் போய் வாசலில் கட்டியிருந்த வாழைமரத்தில் மோதியது. மரம் மெதுவாக, மரியாதையாக, அவர் மேல் சாய்ந்தது. குலை மடியில் உட்கார்ந்துகொண்டது.

பெண்ணின் தாய்மாமன் முதலில் ஓடிவந்து குலையைத் தூக்கிப் பார்த்தார். பிறகுதான் ஆளைத் தூக்கினார்கள். முழங்காலில் சிராய்ப்பு, வேட்டியில் வாழைக்கறை, வேறொன்றும் இல்லை. அவர் தன்னைப் பார்த்துக்கொள்ளாமல் ஹேண்டில்பாரைப் பார்த்தார். முகம் வெளுத்துப்போனது.

"எவன்டா என் வண்டியத் தொட்டது?"

வைரவன் வாயிலிருந்த வெற்றிலையை அப்படியே விழுங்கிவிட்டு முன்னால் போனார். "நாந்தாண்ணே. கோணலா இருந்துச்சு. நேராக்குனேன்."

அந்த மனிதர் இடது கைச் சட்டைப் பொத்தானைக் கழற்றி, சுருட்டிக்கொண்டே முழங்கைக்கு மேலே ஏற்றினார். முழங்கை பாதி மடங்கிய நிலையில் நின்றுவிட்ட கை. அதை வைரவன் முன்னால் நீட்டினார். நீட்டியும் அது நீளவில்லை.

"இத நேராக்கு பாப்போம்."

அவர் பெயர் செம்மலை. பிள்ளையார்பட்டிக்குப் பக்கத்துக் கிராமம். தோப்புத் தோப்பாகப் போய்த் தேங்காய் பேசி, கோவில் கடைகளுக்கு ஏற்றிவிடும் தரகர். சில வருடங்களுக்கு முன் குறுக்கே வந்த ஆட்டுக்கு ஒதுங்கி விழுந்ததில் முழங்கை நொறுங்கியது. எலும்பு சேர்ந்தது, கை நீளவில்லை. இனி வண்டி கிடையாது என்று எல்லோரும் சொல்லிவிட்டார்கள். விழுந்த வண்டி அப்படியே மாட்டுக் கொட்டகையில் கிடந்தது. ஒருநாள் விற்பதற்காக வெளியே இழுத்தவர், கடைசியாக ஒருமுறை என்று ஏறி உட்கார்ந்தாராம். இடது கை தானாகப் போய்க் கைப்பிடியில் உட்கார்ந்தது.

"அன்னைக்கி விழுந்ததுல கையும் வளைஞ்சுச்சு, ஆண்டில்பாரும் வளைஞ்சுச்சு. ரெண்டும் ஒன்னுக்கொன்னு பொருந்திப்போச்சு. அதுலருந்து ஒரு மெக்கானிக்கையும் கிட்ட அண்ட விட்டதில்ல. நீ ஒரு பந்திச் சோறு திங்கிற நேரத்துக்குள்ள முடிச்சுப்புட்ட" என்றார் செம்மலை. குரலில் கோபம் தீர்ந்துபோய் வேறு என்னவோ இருந்தது. வைரவனுக்கு அதுதான் தாங்கவில்லை.

வண்டி மினி வேனில் ஏறி ஊர் போய்ச் சேர்ந்தது. செம்மலையின் மனைவி துர்காதேவி சாவியை வாங்கி இடுப்பில் சொருகிக்கொண்டார் என்று பிறகு தெரிந்தது. ஒரு தடவை விழுந்ததற்குத் தான் பட்டது போதும், இனி இந்தச் சாவி இறங்காது என்று சொல்லிவிட்டாராம். செம்மலை பஸ்ஸில் போக ஆரம்பித்தார். தோப்புகள் பஸ் போகும் ரோட்டிலா இருக்கின்றன? இறங்கி, வெயிலில் நடந்து, அவர் போய்ச் சேரும்போது வண்டியில் வந்த வேறு தரகர் இளநீர் குடித்துக்கொண்டிருப்பார்.

அந்த வாரம் வைரவன் டீயைச் சூடாகக் குடித்தார். சீதாலட்சுமி எனக்குப் போன் செய்தார். "அண்ணே, அவுக ஸ்டூலத் தொடவே இல்ல. நானே வேணும்னு ஒசரமா ஏத்தி வச்சுப் பாத்தேன். கண்டுக்காமப் போறாக. டாக்டர்கிட்ட காட்டணுமோன்னு பயமா இருக்கு."

டாக்டரிடம் போகவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை செம்மலை வீட்டுக்குப் போனோம். வாசலில் துர்காதேவி முறத்தில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். வைரவனை மேலும் கீழும் பார்த்தார்.

"நீங்கதான் அந்த நேராக்குற ஆளா?"

"ஆமா மதினி."

"மதினியாம்ல. கோணலாக்கத் தெரியுமா?"

"பாக்குறேன் மதினி."

"பாருங்க. ஆனா சாவி தர மாட்டேன்."

கொட்டகையிலிருந்து வண்டியை வெளியே இழுத்து நிறுத்தினோம். வைரவனுக்கு இது அரை மணி நேர வேலை என்ற நினைப்பு. கல்யாண மண்டபத்தில் செய்ததைத் தலைகீழாகச் செய்தால் தீர்ந்தது. சக்கரத்தை இடுக்கினார், எதிர்ப்பக்கம் முறுக்கினார். செம்மலை ஏறி உட்கார்ந்தார்.

"இல்ல தம்பி."

"எங்குட்டு இடிக்குது?"

"இடிக்கல. ஆனா இது இல்ல."

"முன்ன எப்புடிண்ணே இருந்துச்சு?"

"எனக்கென்ன தெரியும்? உக்காருவேன், போவேன்."

அந்த ஞாயிறு போனது. அதற்கடுத்த ஞாயிறும் போனது. புரட்டாசி முழுக்க அப்படியே போனது. ஒரு நூல், அரை நூல் என்று வைரவன் திருப்பித் திருப்பி வைத்தார். கைப்பிடியைச் சாய்த்தார், கிளட்சை இறக்கினார். தன் மூன்று விதிகளையும் சொல்லிப் பார்த்தார். முழங்கை பூட்டிக்கொள்ளக் கூடாது என்று அவர் ஆரம்பித்ததும் செம்மலை சிரித்துவிட்டார். "இது பூட்டுனதுதான் தம்பி. சாவி ஆஸ்பத்திரியிலயே தங்கிருச்சு." கோணல் வண்டியில் தானே ஏறி உட்கார்ந்து பார்க்கலாமென்றால் வைரவனுக்கு அது கோணலாகத்தானே இருக்கும்?

பிள்ளையார்பட்டியில் ஒர்க்ஷாப் வைத்திருக்கும் நாகேந்திரனைக் கூட்டிவந்து காட்டினோம். அவர் கையெடுத்துக் கும்பிட்டார். "இம்புட்டு வருசமா கோணலக் கொண்டாந்து நேராக்கச் சொல்லுவாக. நேரா இருந்தத கோணலாக்கச் சொல்ற மொதப் பார்ட்டி நீங்கதான். நான் செஞ்சேன்னு வெளிய தெரிஞ்சா எவனும் வண்டிய விட மாட்டான்." நீளமான ஸ்பேனர் ஒன்றை மட்டும் இரவல் கொடுத்துவிட்டுப் போனார்.

இத்தனைக்கும் துர்காதேவி ஒருநாளும் வண்டிப் பக்கம் வரவில்லை. நிலைப்படியில் சாய்ந்துகொண்டு பார்ப்பார். டீ கொடுப்பார். வைரவன் தம்ளரை வைத்துவிட்டு ஸ்பேனரைத் தேடினால், "ஆறிப்போச்சுன்னா திரும்பச் சுட வைக்க மாட்டேன்" என்பார். அவ்வளவுதான்.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்ட ஒரு ஞாயிற்றுக்கிழமை. தூறல் விட்டிருந்தது. செம்மலை ஏறி உட்கார்ந்தார், இறங்கினார், மறுபடி ஏறினார். பிறகு ஹேண்டில்பாரைத் தட்டிக்கொடுத்துவிட்டு மெதுவாகச் சொன்னார்: "விட்டுரு தம்பி. ஒம்மேல கோவம் இல்ல. நல்லது நெனச்சுத்தான செஞ்ச. வண்டிய வித்துப்புடுவோம். பஸ்ஸுல போயி நானும் பழகிக்கிறேன்."

வைரவன் ஸ்பேனரைக் கீழே வைத்தார். நான் வேறு பக்கம் பார்த்தேன்.

"நகருங்க."

துர்காதேவி வாசலில் இறங்கி வந்துகொண்டிருந்தார். சேலைத் தலைப்பை இழுத்துச் சொருகிக்கொண்டார். "என்னங்க, எறங்காதீக. அப்புடியே உக்காருங்க." ஸ்டாண்டில் நின்ற வண்டியின் பின்சீட்டில், கால்களை ஒருபக்கமாகப் போட்டு ஏறி உட்கார்ந்தார். கணவரின் முதுகை, அடுப்பில் வைத்த குழம்பைப் பார்ப்பதுபோலக் கொஞ்சநேரம் பார்த்தார்.

"இது அவுக முதுகே இல்ல" என்றார்.

வைரவன் நிமிர்ந்தார். "என்ன மதினி?"

"இவுக ஓட்டும்போது இடது தோளு இங்குட்டு வந்துரும். பள்ளத்துல எறங்குனா எந்நெத்தியில வந்து இடிக்கும். எத்தன தடவ பொட்டு அழிஞ்சுருக்கு தெரியுமா? இந்தா, இப்ப பாருங்க. தோளு அங்குட்டு ஓடிப்போய் நிக்குது. பின்னாடி உக்காந்த எனக்குத் தெரியாதா?"

"இத ஏன் மதினி மொதல்லயே சொல்லல?"

"நான் எதுக்குச் சொல்லணும்? வண்டி சரியாகக் கூடாதுன்னுதான உக்காந்திருந்தேன்."

செம்மலை திரும்பிப் பார்க்கப் போனார். "ஆடாம இருங்க" என்று ஒரு அதட்டல் வந்தது. அவர் ஆடாமல் இருந்தார்.

அதற்குப் பிறகு நடந்ததை நான் விவரித்தால் வேடிக்கையாகத்தான் இருக்கும். நிற்கிற வண்டியில் புருஷனும் பெண்டாட்டியும் ஊருக்குப் போவதுபோல உட்கார்ந்திருக்க, முன்சக்கரத்தை முழங்காலில் இடுக்கிக்கொண்டு வைரவன் ஹேண்டில்பாரைப் பிடித்திருந்தார். "இன்னும்" என்றார் துர்காதேவி. வைரவன் ஒரு நூல் திருப்பினார். "இன்னும் கொஞ்சம்." திருப்பினார். "போதும்... போதும்னு சொன்னேன்ல, ரொம்பப் போச்சு." வைரவன் மூச்சைப் பிடித்துக்கொண்டு இம்மி அளவு திரும்ப விட்டார். செம்மலையின் வலது தோள் முன்னால் போக, இடது தோள் பின்னால் வந்தது. வந்துகொண்டே இருந்து, துர்காதேவியின் நெற்றியில் போய்த் தொட்டது.

"இந்தா. இதுதான்."

செம்மலையின் இடது கை கைப்பிடியில் போய் உட்கார்ந்திருந்தது. விரல்கள் கிளட்சை ஒருமுறை அழுத்தி விட்டன. அவர் தலையை மட்டும் ஆட்டினார். துர்காதேவி நெற்றியை உடனே எடுத்துவிடவில்லை. தூறல் மறுபடி போட ஆரம்பித்தது. நாங்கள் இரண்டு பேரும் அங்கே நின்றிருக்க வேண்டாமோ என்று எனக்குப் பட்டது.

"போல்ட்ட முறுக்குங்க. என்னத்த வேடிக்க பாக்குறீக?" என்றார் துர்காதேவி நிமிராமலே.

வைரவன் முறுக்கினார். நாகேந்திரனின் நீள ஸ்பேனர் போட்டு, உடம்பின் மொத்தப் பாரத்தையும் வைத்து முறுக்கினார். முடித்ததும் கிளட்ச் லீவரை நோக்கி அவர் கை இன்னொரு முறை நீண்டது. "தொடக் கூடாது" என்று இரண்டு பேரும் ஒரே குரலில் சொன்னார்கள். கை திரும்பி வந்துவிட்டது.

துர்காதேவி இறங்கி, இடுப்பிலிருந்து சாவியை எடுத்தார். கொடுப்பதற்கு முன் கையிலேயே வைத்துக்கொண்டு வைரவனைப் பார்த்தார்.

"நான் இப்ப ஏற மாட்டேன். அடுத்த ஞாயித்துக்கெழம இந்தத் தண்ணிக்காரரப் பின்னாடி வச்சுக்கிட்டுத் தொண்டி வரைக்கும் போயிட்டு வாங்க. மீனும் வாங்கியாந்துருங்க. விழுந்தா அவரும் சேந்து விழட்டும். ஒழுங்காக் கொண்டாந்து சேத்தீகன்னா அப்புறம் நான் ஏறுறேன்."

வைரவன் தலையாட்டினார். அப்போதைக்கு அதில் இருக்கும் கஷ்டம் அவருக்குத் தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை வெயில் நன்றாக அடித்தது. செம்மலை முன்னால், வைரவன் பின்னால், துணைக்கு என் வண்டியில் நான். காரைக்குடியைத் தாண்டும்வரை பின்னாலிருந்து பார்த்துக்கொண்டே வந்தேன். செம்மலை ஓட்டியதில் ஒரு குறையும் இல்லை. கோணல் ஹேண்டில்பார், கோணல் முதுகு, வண்டி மட்டும் ரோட்டில் கோடு கிழித்தமாதிரிப் போயிற்று. தவித்துக்கொண்டிருந்தவர் பின்னால் இருந்தவர்தான். பின்சீட்டில் உட்கார்ந்து எத்தனை காலம் ஆயிற்றோ, அந்தக் கைகளுக்குப் போக இடமில்லை. தொடைமேல் வைத்துப் பார்த்தார். பின்னால் இருக்கும் கம்பியைப் பிடித்தார். மார்புக்குக் குறுக்கே கட்டிக்கொண்டார். சட்டைப் பையைத் தடவினார். தேவகோட்டைக்கு முன்னால் ஒரு திருப்பத்தில் எதிரே பஸ் வந்ததும், இரண்டு கைகளும் தாமாக மேலே எழும்பி, இல்லாத கைப்பிடிகளைப் பிடித்துக் காற்றை ஒருபக்கமாகத் திருப்பின. பஸ் போய்விட்டது. செம்மலை திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

தேவகோட்டையில் டீ குடித்தோம். "எப்புடி இருக்கு தம்பி?" என்று செம்மலை கேட்டார். வைரவன் டீயைக் குடித்து முடித்தபிறகுதான் பதில் சொன்னார். "முதுகு நல்லா இருக்குண்ணே. கைதான் என்ன பண்றதுன்னு தெரியாம முழிக்குது."

"எங்கிட்டாவது வைய்யி. நானா வேணாங்குறேன்?"

திருவாடானை தாண்டியதும் ரோடு காலியாகக் கிடந்தது. இரண்டு பக்கமும் கருவேலங்காடு. கடல் இன்னும் கண்ணில் படவில்லை, காற்றில் உப்பு வந்துவிட்டது. செம்மலை வேகத்தைக் கொஞ்சம் கூட்டினார். நானும் கூட்டினேன். அப்போது வைரவன் இரண்டு கைகளையும் தூக்கி, செம்மலையின் தோள்களில் வைத்தார். வலது தோள் முன்னால் இருந்தது, இடது தோள் பின்னால் இருந்தது. ஒரு கை நீண்டு, ஒரு கை மடங்கி, அவர் உடம்பும் இடது பக்கமாகக் கொஞ்சம் திரும்பிக்கொண்டது. அதை நிமிர்த்தாமல், கையை எடுக்காமல், அப்படியே கோணலாக உட்கார்ந்து அவர் தொண்டி வரை போனார்.